போன பல்புக்கு அதே பல்பு

கார் ஓட்டுறவனுக்கு தன் வண்டியோட பின்லைட்டு எரியுதா இல்லையான்னு தெரிய வழியே கிடையாது, யாராச்சும் சொன்னாத்தான் உண்டு. நம்ம ஊர்ல சொல்றதுக்கு ஆளுக்குப் பஞ்சமில்லன்றது ஒரு ஆறுதல். மதுரை காளவாசல் சிக்னல்ல நிக்கிறப்ப பக்கத்துல வந்து நின்ன ஷேர் ஆட்டோக்காரர் தலைய வெளிய நீட்டி “அண்ணே, ரைட்டு சைடு பிரேக் லைட்டு எரியல, பாத்துக்கங்க”ன்னு சொன்னாரு, நான் பதில் சொல்றதுக்குள்ள பச்சை விழுந்துருச்சு, அவரு பாட்டுக்கு அங்கிட்டு போயிட்டாரு. அவரு ஆட்டோவுல இண்டிகேட்டரே இல்ல, அது அவரு சௌகரியம்.

போன பல்ப நாமளே வீட்டுல மாத்திரலாம். மெக்கானிக்கிட்ட குடுத்தா அஞ்சு நிமிசத்துல மாத்திக் குடுத்துருவாரே, இத எதுக்கு நாம பண்ணனும்னு கேப்பீங்க. மாத்திக் குடுப்பாரு, நான் இல்லேங்கல. ஆனா அந்த அஞ்சு நிமிசத்துக்காக வண்டிய அவரு கடைக்கு ஓட்டிட்டுப் போயி, அவரு வேற வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு “இந்தா வந்துட்டேன் தம்பி”ன்னு குடுக்குற குரல மட்டும் கேட்டுக்கிட்டு பாதி காலை ஸ்டூல்ல உக்காந்திருக்கணும். இதுக்குப் பயந்தே நம்மாளுக அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்னு விட்டுர்றாய்ங்க. அடுத்த சர்வீஸுக்கு ஆறு மாசம் கெடக்கும், அதுவரைக்கும் பின்னாடி வர்றவன் பாடு.

ஹெட்லைட்டு போனா நமக்கே தெரிஞ்சுரும்னு ஒரு நெனப்பு இருக்கு பாருங்க, அதுவும் முழுசா சரியில்ல. டவுனுக்குள்ள தெருவிளக்கு, கடை போர்டு வெளிச்சத்துல ஒரு பக்கம் செத்துக் கெடந்தாலும் ஒண்ணும் உறைக்காது. ரிங் ரோடு தாண்டி இருட்டுக்குள்ள போனப்பறந்தான் என்னடா ரோடு ஒரு பக்கமா தெரியுதேன்னு தோணும். சில பேரு அப்பவும் சும்மா இருக்க மாட்டாய்ங்க, டிம்முதான் போச்சு பிரைட்டு எரியுதுல்லன்னு பிரைட்டுலயே திருமங்கலம் வரைக்கும் போவாய்ங்க, எதிர்ல வர்றவன் கண்ணு அவிஞ்சாலும் பரவால்ல.

ஒத்தக் கண்ணு வண்டி எம்புட்டு ஆபத்துன்னு ராத்திரி அழகர்கோவில் ரோட்டுல ஓட்டிப் பாத்தவங்களுக்குத் தெரியும். தூரத்துல ஒரே ஒரு லைட்டு வருது, பைக்குதானேன்னு நாம நெனச்சு நம்ம பாதையில சாவகாசமா வருவோம், கிட்ட வந்தா அது காரு. அதுலயும் எந்தப் பக்கத்து லைட்டு போயிருக்குன்றது முக்கியம். நாம இடது பக்கம் ஓட்டுற ஊரு, அதனால எதிர்ல வர்ற வண்டியோட வலது பக்கந்தான் நமக்கு நெருக்கமா இருக்கும். அந்த வலது லைட்டு போயி இடது லைட்டு மட்டும் எரிஞ்சா, கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்துக்கு இங்கிட்டு ஒரு முழு வண்டி அகலம் இருட்டா நம்மள நோக்கி வந்துக்கிட்டு இருக்கும். 2017 ஏப்ரலுக்கு அப்பறம் வந்த டூவீலர்ல ஹெட்லைட்டு தானாவே எரிஞ்சுக்கிட்டே இருக்கும், அணைக்க முடியாது, அதனால ஒத்த லைட்டுன்னா பைக்குன்னு நம்ம மண்டையில இன்னும் நல்லா ஏறிப் போச்சு.

ஃபைன் கணக்கையும் சொல்லிர்றேன். மோட்டார் வாகனச் சட்டத்துல தனியா தண்டனை சொல்லாத சின்னத் தப்புக்கெல்லாம் 177-வது பிரிவுதான், முன்ன 100 ரூபாயா இருந்தது 2019 திருத்தத்துல 500 ஆச்சு, ரெண்டாவது தடவை மாட்டுனா 1500. பிரேக் லைட்டு பல்பு 30, 40 ரூபாய்க்குள்ள முடிஞ்சுரும்.

சரி, வேலைக்கு வருவோம். மொதல்ல எது போச்சுன்னு கண்டுபிடிக்கணும், அதுக்கு இன்னொரு ஆளு வேணும்னு கட்டாயமில்ல. ராத்திரி வண்டிய ஒரு சுவத்துக்கோ மூடுன கடை ஷட்டருக்கோ முதுகு காட்டி ஒட்டி நிறுத்துங்க, பிரேக்க மிதிங்க, கண்ணாடியில பாத்தா ரெண்டு பக்கமும் செவப்பு விழுகுதா இல்லையான்னு தெரியும். வெளிய நின்னு பாக்கணும்னா மாப்பு குச்சிய பிரேக் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவுல முட்டுக் குடுத்துட்டு இறங்கிப் போயிரலாம். எங்க வீட்டுல மகள பின்னாடி நிக்க வைப்பேன், அவ “எரியுதுப்பா, எரியலப்பா”ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துவா. இண்டிகேட்டருக்கு இந்தப் பாடெல்லாம் வேணாம், ஒரு பக்கம் பல்பு போனா அந்தப் பக்கம் போடும்போது டிக்டிக் சத்தம் வழக்கத்த விட வெரசா அடிக்கும். பல்பு ஒண்ணு செத்துட்டா கரண்டு இழுக்குறது கொறஞ்சு போகும், அந்தக் கொறைச்சல வச்சே, இண்டிகேட்டர மினுக்க வைக்கிற ஃபிளாஷர் வேகமா அடிச்சு நமக்குச் சொல்லுது. வண்டிக்காரங்களுக்காக யாரோ நல்லா யோசிச்சு வச்ச ஏற்பாடு அது.

ஒரு பக்கம் மட்டும் எரியலேன்னா பெரும்பாலும் பல்புதான். ரெண்டு பக்க பிரேக் லைட்டும், மேல கண்ணாடிக்கிட்ட இருக்குற மூணாவதும் சேந்தாப்புல எரியலேன்னா பல்ப கழட்டாதீங்க, மூணும் ஒரே நாள்ல சாகாது. ஃபியூஸ் பாருங்க, இல்லாட்டி பிரேக் பெடலுக்கு மேல ஒரு குட்டி ஸ்விட்ச்சு இருக்கும் அதப் பாருங்க. ஹெட்லைட்டுல மட்டும் ஒரு சூதானம் வேணும், நெறைய வண்டியில லெஃப்டுக்கும் ரைட்டுக்கும் தனித்தனி ஃபியூஸ் குடுத்திருப்பாய்ங்க. சந்தேகமா இருந்தா நல்லா இருக்குற பக்கத்து பல்ப எடுத்து போன பக்கத்துல மாட்டிப் பாத்துட்டா சோலி முடிஞ்சது.

பின்லைட்டு கழட்டுறது ரொம்ப சாதாரணம். எங்கிட்ட இருக்குறது வருசக்கணக்கா ஓடுன ஒரு சின்ன ஹேட்ச்பேக், டிக்கியத் தொறந்தா டூமுக்கு, அதாவது பல்பு உக்காந்திருக்குற அந்த லைட்டுக் கூட்டுக்கு, ஓரத்துல ரெண்டு ஸ்க்ரூ கண்ணுக்கு முன்னாடியே இருக்கும். அதக் கழட்டிட்டு டூம பின்பக்கமா நேரா இழுக்கணும், மத்த ஓரத்துல பிளாஸ்டிக் கொண்டி செருகியிருக்கும், சைடா நெம்புனா அது ஒடிஞ்சுரும். வெளிய வந்ததும் ஹோல்டர இடது பக்கம் லேசா திருகுனா பல்போட கையில வந்துரும். பல்ப உள்ள அமுக்கி, இடது பக்கம் திருப்பி விட்டா அதுவே வெளிய துள்ளும். பிரேக்குக்கும் பின்லைட்டுக்கும் சேத்து ஒரே பல்பு இருக்குற வண்டியில அது டபுள் ஃபிலமென்ட்டு, 21 வாட்டும் 5 வாட்டும். பின்லைட்டுக்கு 5, பிரேக் மிதிச்சா 21, அதனாலதான் மிதிச்ச உடனே பளிச்சுன்னு கூடுது. இதோட அடியில பக்கவாட்டுல இருக்குற ரெண்டு முளையும் ஒரே உயரத்துல இருக்காது, ஒண்ணு மேல ஒண்ணு கீழ. ஒரு வாக்குலதான் உள்ள போகும், போகலேன்னா திருப்பிப் போடுங்க, முட்டாதீங்க. ஹோல்டருக்குள்ள பச்சையா களிம்பு பூத்திருந்தா உப்புத்தாள பென்சில்ல சுத்தி லேசா ஒரு தேய்ப்பு. அந்தக் களிம்பு இருந்துச்சுன்னா டூமுக்குள்ள தண்ணி எறங்குதுன்னு அர்த்தம், ஐப்பசி மழைக்கு முன்னாடி ரப்பர் கேஸ்கெட்ட ஒரு பார்வை பாத்துக்கறது நல்லது.

பழைய பல்ப கையில வச்சுக்கிட்டு கடைக்குப் போறதுதான் உத்தமம். சிம்மக்கல் பக்கம் ஒர்க்‌ஷாப் ரோட்டுல போயி பல்ப நீட்டுனா போதும், வண்டி பேரு வருசம் ஒண்ணும் சொல்ல வேணாம், வாங்கி அடியில பாத்துட்டு டப்பாவத் தேடி எடுத்துருவாய்ங்க. ஆனா கூடவே இதையும் கேப்பாய்ங்க.

“இத எதுக்கு தம்பி போட்டுக்கிட்டு, எல்இடி போட்டுருங்க. வாழ்க்கைக்கும் போகாது.”

“இல்லண்ணே, இதே குடுங்க.”

“வெளிச்சம் டபுளா இருக்கும்யா.”

“அதுக்குத்தாண்ணே வேணாங்கிறேன்.”

அவரு என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு 21/5 பல்பு ரெண்டு எடுத்து வச்சாரு. ஏன் வேணாங்கிறேன்னு நின்னு வெளக்குற எடம் கடை வாசல் இல்ல, பின்னாடி நாலு பேரு நிக்கிறாங்க, அதனால இங்க எழுதுறேன். அதுக்கு ஹெட்லைட்டு பல்பு எப்பிடி இருக்கும்னு மொதல்ல சொல்லணும்.

நம்ம ஊரு சின்னக் கார்ல பாதிக்கு மேல இருக்குறது ஹெச்4 பல்பு, 60/55 வாட்டு, மூணு காலு. 1971-லயே வந்த டிசைன், இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. ஒரே கண்ணாடிக்குள்ள ரெண்டு ஃபிலமென்ட்டு, பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55. டிம்மு ஃபிலமென்ட்டுக்கு அடியில மட்டும் கரண்டி மாதிரி ஒரு குட்டித் தகடு இருக்கும், செத்த பல்ப வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க. அந்தத் தகடு கீழ்ப்பக்கம் போற வெளிச்சத்த மறைச்சுருது, அதனால பல்பச் சுத்தி பளபளன்னு இருக்குற ரிஃப்ளெக்டரோட மேல் பாதியில மட்டும் வெளிச்சம் பட்டு அங்கருந்து ரோட்டுப் பக்கம் கீழ விழுகுது. எதிர்ல வர்றவன் கண்ணுக்குப் போக வேண்டிய வெளிச்சத்த பல்புக்குள்ளயே நிறுத்திட்டாய்ங்க. தகட்டோட ஒரு ஓரத்த மட்டும் 15 டிகிரி சாய்ச்சு வச்சிருப்பாய்ங்க, ரோட்டோரம் நடந்து போறவங்க, சைக்கிள்காரங்க தெரியணும்னு வெளிச்சம் நம்ம இடது பக்கம் மட்டும் கொஞ்சம் தூக்கி அடிக்கும். ஃபிலமென்ட்டு ஒரு மில்லிமீட்டர் நகந்தாலும் இந்தக் கணக்கெல்லாம் கெட்டுரும்.

மாத்துற வேலையில கஷ்டம்னா கை நுழையிறதுதான். லைட்ட அணைச்சு, பல்பு நல்லா ஆறுனப்பறம் பானெட்டத் தொறங்க. ஒரு பக்கம் பேட்டரி நிக்கும், இன்னொரு பக்கம் வாஷர் தண்ணி ஊத்துற குழாயோ ஏர் ஃபில்டர் டப்பாவோ மறைக்கும். டூமுக்குப் பின்னாடி ஒயர பல்போட சேக்குற மூணு பின் கப்ளர் இருக்கும், ஒயரப் புடிச்சு இழுக்காம கப்ளரையே புடிச்சு அங்கிட்டு இங்கிட்டு லேசா ஆட்டி நேரா இழுக்கணும். அப்பறம் ரப்பர் கவரு, அதுல ஒரு காது நீட்டிக்கிட்டு இருக்கும், அதப் புடிச்சு உரிக்கணும். அதுக்குள்ள ஒரு கம்பி லாக்கு. இந்தக் கம்பி லாக்குதான் வீட்டுல மாத்துறவன் கண்ணுல தண்ணி வர வைக்கும், ஏன்னா கைய உள்ள விட்டா கண்ணுக்குத் தெரியாது, கண்ணுக்குத் தெரிஞ்சா கைக்கு எடமிருக்காது. அத முன்னாடி தள்ளி, கொக்கியில இருந்து சைடா வெலக்குனா லூசாகும். செல்போன்ல வீடியோ ஆன் பண்ணி உள்ள காட்டி அந்தக் கொக்கி எந்தப் பக்கம் வெலகுதுன்னு பாத்துக்கிட்டா பாதி பாரம் கொறையும். அதெல்லாம் இல்லாம நல்லா இருக்குற பக்கத்துல ஒரு தடவை கழட்டி மாட்டிப் பாத்துட்டா வெரலுக்கே வழி தெரிஞ்சுரும்.

பழைய பல்ப எடுக்கும்போது அதோட தகட்டுல இருக்குற மூணு காதும் எப்பிடி உக்காந்திருந்துச்சுன்னு பாத்து வைங்க, புதுசும் அதே வாக்குலதான் உக்காரும். உக்காராம சாஞ்ச மேனிக்கு கம்பியப் போட்டு அமுக்கிட்டா லைட்டு எரியும், ஆனா மரத்துல இருக்குற காக்காயத்தான் காட்டும்.

புது பல்போட கண்ணாடிய வெரலால தொடக்கூடாதுன்னு எல்லாரும் சொல்லுவாய்ங்க, ஏன்னு சொல்ல மாட்டாய்ங்க. சாதா பல்புல டங்ஸ்டன் ஆவியாகி கண்ணாடியில கரியா படியும். ஹாலஜன் பல்புல உள்ள இருக்குற அயோடினோ புரோமினோ அந்த டங்ஸ்டனப் புடிச்சு திரும்ப ஃபிலமென்ட்டுப் பக்கமே கொண்டு போயி விடுது. அது நடக்கணும்னா கண்ணாடியே 250 டிகிரிக்கு மேல சூடா இருக்கணும், அதுக்குத்தான் குவார்ட்ஸ்ல, இம்புட்டூண்டு சைஸ்ல செஞ்சு ஃபிலமென்ட்டுக்கிட்டயே வச்சிருக்காய்ங்க. நம்ம கை எண்ணெயும் உப்பும் அதுல பட்டா அந்த எடத்துல மட்டும் சூடு கூடி குவார்ட்ஸ் வெளுத்து, நாளாவட்டத்துல வீங்கியோ வெடிச்சோ போகும். அதனால அடிப்பக்கத் தகட்டப் புடிங்க, இல்ல சுத்தமான டிஷ்யூவால புடிங்க. கை பட்டுருச்சுன்னா மருந்துக் கடை ஸ்பிரிட்டால தொடைங்க. கொரோனா காலத்து ஜெல் சானிடைசர் வேணாம், அதுல இருக்குற வழவழப்பு கண்ணாடியிலயே ஒட்டிக்கும்.

ரப்பர் கவர திரும்பப் போடும்போது அதுல டாப்புன்னு எழுதியிருந்தா அது மேல வரணும். சுத்தி நல்லா அமுக்கி விடணும், வாய் தொறந்து கெடந்தா ஈரம் உள்ள போயி ரிஃப்ளெக்டர் மங்கிரும், அதுக்கப்பறம் எந்தப் பல்பப் போட்டாலும் வெளிச்சம் வராது. மாட்டுனதும் ஒரு சுவத்துக்கு 10 மீட்டர் தள்ளி சமதரையில நிறுத்தி டிம்ம போட்டுப் பாருங்க, வெளிச்சத்தோட மேல் கோடு ஹெட்லைட்டு உயரத்துக்கு சுமாரா 10 சென்டிமீட்டர் கீழ, ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்துல விழுகணும்.

இப்ப கடைக்காரருக்குச் சொல்லாம விட்ட பதில். இந்த ஹெச்4 டூமுக்குள்ள விலை கொறைஞ்ச எல்இடியப் போட்டா, அதோட சிப்பு ஃபிலமென்ட்டு இருந்த அதே எடத்துல, அதே சைஸ்ல இருக்காது. ரிஃப்ளெக்டருக்கு அந்தக் கணக்கு தெரியாது, அது பாட்டுக்கு வெளிச்சத்த நாலா பக்கமும் எறைக்கும். ஓட்டுறவனுக்கு முன்னாடி பத்தடி பளபளன்னு இருக்கும், ஆகா என்ன வெளிச்சம்னு சந்தோசம், எதிர்ல வர்றவனுக்கு கண்ணு ரெண்டும் போச்சு. சின்ன வயசுல பாத்த லாரி பஸ்ஸுலெல்லாம் ஹெட்லைட்டு மேல கறுப்பு பெயிண்டோ, நடுவுல கறுப்பு ஸ்டிக்கரோ இருக்கும், எதிர்ல வர்றவனுக்கு கூசக்கூடாதுன்னு. இன்னைக்கு நாலுவழிச் சாலையில வர்ற வெள்ளை வெளிச்சத்தப் பாத்தா அந்த ஸ்டிக்கர் காலமே தேவலன்னு இருக்கு. பின்லைட்டுல வெள்ளை எல்இடியப் போட்டா செவப்பு கண்ணாடிக்குப் பின்னாடி ரோஸா வெளுத்துப் போகும். இண்டிகேட்டர்ல போட்டா கரண்டு கம்மியா இழுக்கறதுனால பல்பு போன மாதிரியே வேகமா அடிக்கும், அதச் சரி பண்ண ஒரு ரெசிஸ்டர் போடுவாய்ங்க, அந்த ரெசிஸ்டர் சூடேறி பக்கத்துல இருக்குற பிளாஸ்டிக்க எளக்கும். மிச்சம் புடிக்கிறேன்னு போட்ட எல்இடிக்கு கரண்ட வீணடிக்க தனியா ஒரு சாமான், கேட்டா டெக்னாலஜிம்பாய்ங்க.

இன்னொரு கோஷ்டி 100/90 வாட்டு ஹாலஜன் போடுறவங்க. என் மச்சான் ஒருத்தன் வாடிப்பட்டியில இருந்து தினம் ராத்திரி வர்றவன், போட்டான். 60 வாட்டுக்கு 5 ஆம்ப்ஸ் ஓடுற ஒயர்ல 100 வாட்டுக்கு 8 ஆம்ப்ஸுக்கு மேல ஓடும், ஒயர்ல எழும்புற சூடு கரண்டோட வர்க்கத்துல ஏறுறதுனால அது ஒன்றரை மடங்கு ரெண்டு மடங்கோட நிக்காது, கிட்டத்தட்ட மூணு மடங்கு. கப்ளர் பழுப்பேறி, அப்பறம் எளகி பல்பு காலோட ஒட்டிக்கிச்சு, பிடுங்குனா துண்டு துண்டா வந்துச்சு. 200 ரூபாய் பல்பு போட்ட எடத்துல ஒயரிங்கையே மாத்த வேண்டியதாப் போச்சு, கேட்டா “வெளிச்சம் நல்லா இருந்துச்சு மாப்ள”ன்றான்.

ஒரு பல்பு போனா வயசாயிருச்சுன்னு விட்டுறலாம். குளுந்த ஃபிலமென்ட்டுக்கு ரெசிஸ்டன்ஸ் சூடா இருக்கறப்ப உள்ளதுல பத்துல ஒரு பங்கு கூட இருக்காது, போட்ட உடனே ஒரேயடியா கரண்டு பாயும், அதனாலதான் எரிஞ்சுக்கிட்டு இருக்கும்போது போறத விட ஸ்விட்ச்சு போடுறப்ப போறது அதிகம். ஒரு ஹெட்லைட்டு போனா இன்னொண்ணும் அதே வயசுதான், ரெண்டையும் சேத்து மாத்தி, பழசுல உயிரோட இருக்குறத டிக்கியில போட்டு வைக்கலாம். ஆனா மாசத்துக்கு ஒண்ணுன்னு வரிசையா போச்சுன்னா பல்பு மேல பழி போடாதீங்க. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க, 13.5-ல இருந்து 14.5 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். 5 சதவீதம் வோல்ட்டேஜ் கூடுனாலே பல்பு ஆயுசு பாதியாப் போகும், தப்பு, பேட்டரிய சார்ஜ் பண்ணுற ஆல்டர்னேட்டரோட வோல்ட்டேஜ கட்டுப்படுத்துற ரெகுலேட்டர்ல இருக்கும்.

பல்பு மாத்தியும் பேய் புடிச்ச மாதிரி நடக்குற வண்டி உண்டு. எதிர் வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் சாரோட வண்டியில இண்டிகேட்டர் போட்டா பின்லைட்டும் சேந்து மினுக்குச்சு, பிரேக் மிதிச்சா இண்டிகேட்டர் மங்கலா எரிஞ்சுச்சு. “தம்பி, புது பல்புதான் போட்டேன், ஃபிராடு பல்பா குடுத்துட்டான் போல”ன்னாரு. பல்பு நல்லாத்தான் இருந்துச்சு, அந்த டூமுக்கு வர்ற எர்த்து ஒயரு போல்ட்டுக்கிட்ட துரு ஏறிக் கெடந்துச்சு. திரும்பிப் போற வழி அடைபட்டா கரண்டு சும்மா இருக்காது, பக்கத்து ஃபிலமென்ட்டு வழியா புகுந்து வெளிய போகப் பாக்கும், அதான் ஒண்ண மிதிச்சா இன்னொண்ணு எரியிற கூத்து. போல்ட்டக் கழட்டி உப்புத்தாள் போட்டு இறுக்குனதும் நின்னுருச்சு. சார் காப்பி குடுத்தாங்க, கூடவே தன் மருமகன் வாங்குன புது எஸ்யூவிய கூட்டிட்டு வந்து காட்டி, அதுல முன்னாடி பகல்ல எரியிற கோடு லைட்டு பாதிக்கு எரியல, அதையும் பாத்துருங்க தம்பின்னாங்க. அதுல மாத்த பல்பே கிடையாது சார், எல்இடிய டூமோட சேத்து ஒட்டி வச்சிருக்கு, போனா முழு டூமும் மாத்தணும், அதுக்கு முன் பம்பரையே கழட்டணும், வாரண்டி இருக்குல்ல நேரா ஷோரூம்ல விடச் சொல்லுங்கன்னு சொல்லிட்டு, குடுத்த காப்பிய முழுசா குடிச்சுட்டுத்தான் வந்தேன்.